பெயர்களைச் சுமந்து சென்ற மக்கள்

அகாடியர் என்றதும் மெசொப்பொத்தேமியாவின் அக்காடியரை எண்ணிவிட வேண்டா. இவர்கள், இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா எனப்படும் கடலோர நிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழித்தோன்றல்கள். கடல்நீர் ஏறிய சதுப்புகளுக்கு அணைகட்டி விளைநிலமாக்கிய உழவர்கள். 1713இல் அந்நிலம் பிரிட்டன் வசமாயிற்று. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தனர் என்று காரணம் காட்டி, 1755இல் அவர்களை நாடுகடத்தினர்.

அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் கிராண்ட் பிரே ஊர்த் தேவாலயத்தில் 418 ஆடவரும் சிறுவரும் கூட்டப்பட்டனர். நிலமும் கால்நடையும் மன்னருக்கே உரியன என்ற ஆணை அங்கே வாசிக்கப்பட்டது. எவரும் திரும்பி வராதபடி வீடுகள் எரிக்கப்பட்டன. கப்பல்கள் அம்மக்களை அட்லாண்டிக் கரையோரம் சிதறடித்தன.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் 1847இல் லாங்ஃபெல்லோ எழுதிய 'எவாஞ்சலின்' காவியத்துக்குத் தாவிவிடுவர். அதன் நாயகி கற்பனைப் பாத்திரம். வகுப்புப் பதிவேட்டை நாள்தோறும் நிரப்பும் எனக்கோ, ஒரு பதிவேட்டின் பயணமே பெரிதாகப் படுகிறது. கிராண்ட் பிரே தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளை நாடுகடத்தப்பட்டவர்கள் தம்முடனேயே எடுத்துச் சென்றார்கள்! அவை லூசியானாவின் செயின்ட் கேப்ரியல் தேவாலயத்தை அடைந்தன. இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எஞ்சியவை 1707 முதல் 1748 வரையிலான ஏடுகளே.

ஏடு இல்லாதவர் என்ன செய்தனர்? பிரான்சின் பெல் ஈல் தீவில் 1765இல் 78 அகாடியக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1767இல் குடும்பத் தலைவர்கள் சத்தியம் செய்து, தம் பெற்றோர், பாட்டன், பூட்டன் என முதலில் கடல் கடந்த மூதாதையர் வரை நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, எழுதிக்கொள்ளப்பட்டது. வாய்மொழியே ஆவணமாயிற்று.

1764க்குப் பின் திரும்ப அனுமதிக்கப்பட்டோர்க்குப் பழைய வயல்கள் கிடைக்கவில்லை. அங்கே வேறு குடியேறிகள் இருந்தனர். சிலர் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்குக் கரைக்குச் சென்றனர். அப்பகுதியிலுள்ள டஸ்கெட் என்னும் சிற்றூரில் ஒரு பழைய நீதிமன்றம் உண்டு. 1800களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. கனடாவில் இன்றும் நிற்கும் நீதிமன்றக் கட்டடங்களுள் மிகப் பழையது. இப்போது அருங்காட்சியகம். வருவோர் நீதிமன்ற அறையையும் சிறையறைகளையும் பார்க்கலாம். அதனைச் சார்ந்த ஆர்கைல் வட்டார ஆவணக் காப்பகத்தில் அகாடியக் குடும்பங்களின் வம்சாவளிகளும், அமெரிக்கப் புரட்சிக்குப் பின் அங்கு வந்த அரச விசுவாசிகளின் வம்சாவளிகளும் பேணப்படுகின்றன.

பெரிய தலைநகரக் காப்பகங்கள் இருக்க, சிற்றூரில் ஒன்று எதற்கு என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. அகாடியரிடையே குடும்பப் பெயர்கள் சிலவே. லெப்லாங், சுரெட், தாந்திரமோன் என அதே பெயர்கள் வீட்டுக்கு வீடு வரும். ஆகவே ஊரார் ஒருவரைத் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்தே அடையாளம் சொல்வர். தந்தை பெயரை முன்னெழுத்தாக இடும் நமக்கு இது எளிதில் விளங்கும். தொலைவிலிருந்து வெறும் குடும்பப் பெயரோடு வரும் பேரனுக்கு, அது எந்த வீட்டு லெப்லாங் என்று பிரித்தறிய, அந்த ஊரின் ஏடுகளும் அவற்றைப் பழகி அறிந்தவர்களும் வேண்டும். முதலில் அவன் தன் பாட்டனின் தந்தை பெயரைச் சொல்லியாக வேண்டும். தேடல் அங்கிருந்தே தொடங்கும்.