கண்ணின் நிறமும் கண்பாவை விரிக்கும் மருந்துகளும்

விழித்திரை முதலான உட்பகுதிகளைச் சோதிக்கும் முன் கண்பாவையை அகலப்படுத்தக் கண்ணில் சொட்டு மருந்து இடப்படுகிறது. ஒரே அளவு மருந்து நீலக் கண்ணில் விரைவாகவும், அடர்பழுப்புக் கண்ணில் மெதுவாகவும் குறைவாகவும் வேலை செய்யும். இதன் காரணம் ஆய்வாளர்களுக்குப் பிடிபட நெடுங்காலம் ஆனது.

இம்மருந்துகளின் வரலாறு பெலடோனா என்னும் நச்சுச்செடியில் தொடங்குகிறது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு 'அழகிய பெண்' என்று பொருள். 1800ஆம் ஆண்டையொட்டி செருமானிய மருத்துவர் கார்ல் ஹிம்லி, கண்பாவையை விரிக்கும் மூலிகைச் சாறுகளைக் கண் மருத்துவத்தில் புகுத்தினார். 1830களில் அச்செடியிலிருந்து அட்ரோபின் பிரித்தெடுக்கப்பட்டது.

1929இல் கே. கே. சென், போத் ஆகிய இருவரும் கோகெயின், யூஃப்தால்மின், எஃபெட்ரின் ஆகியவற்றைப் பல மக்களின் கண்களில் இட்டு ஒப்பிட்டனர். வெள்ளையர்களிடம் விரிவு மிகுதியாகவும், சீனர்களிடம் அதைவிடக் குறைவாகவும், கறுப்பினத்தவரிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. சென் சீனாவில் பிறந்தவர். சீன மூலிகையான மா ஹுவாங்கில் உள்ள எஃபெட்ரினை மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவர்களுள் ஒருவர். ஆயினும் அக்கட்டுரை அளந்ததை 'இன வேறுபாடு' என்றே தலைப்பிட்டது. அளவீடு சரி, தலைப்புதான் வழிமாற்றியது எனலாம். வெள்ளையர்களுக்குள்ளேயே நீலக் கண்ணும் பழுப்புக் கண்ணும் வேறுவேறாக நடந்துகொள்வதை 'இனம்' விளக்காது.

1950களின் தொடக்கத்தில் ஆஞ்செனன்ட், கெல்லி ஆகியோர் நொதி வேறுபாட்டைக் காரணமாக முன்வைத்தனர். பின்னர் கவனம் மெலனின் பக்கம் திரும்பியது. கண்பாவையைச் சூழ்ந்த கதிராளியில் இந்த நிறமி எவ்வளவு உள்ளது என்பதே கண்ணின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1976இல் சலசார், ஷிமாடா, பாட்டில் ஆகியோர் கதிராளியின் நிறமிக்கும் அட்ரோபினின் செயலுக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தனர். மெலனின் மருந்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தசையைச் சேரும் அளவு முதலில் குறைகிறது. பிடிபட்ட மருந்து பிறகு சிறிது சிறிதாக வெளியேறுவதால் விளைவு நீடிக்கவும் கூடும்.

குழந்தைகளின் கண் சோதனையில் இது முக்கியமானது. குவியத்தசை முழுமையாகத் தளராவிட்டால் தூரப்பார்வைக் குறை உண்மையைவிடக் குறைவாகக் கணிக்கப்படும். ஆகவே அடர்நிறக் கண்களுக்கு மறுசொட்டு இடுவதும் கூடுதல் நேரம் காத்திருப்பதும் வழக்கம். ஆனால் கண்ணீர்க்குழாய் வழியாக மூக்குக்குள் வடியும் சொட்டு இரத்தத்தில் கலப்பதைக் கதிராளியின் மெலனின் தடுப்பதில்லை. ஒவ்வொரு மறுசொட்டும் உடலுக்குள் சேரும் மருந்தைக் கூட்டும். சொட்டு இட்டதும் கண்ணின் உள்முனையை விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.