தோம்பில் எழுதப்படாத வீடு

ஓவியர் தா. சனாதனனின் நூலொன்றை முதன்முதலாகக் கையிலெடுத்த அன்றிரவு, மேசையில் கிடந்த வெற்றுத்தாளொன்றில் புளியங்கூடலில் இருந்த எங்கள் வீட்டை வரைந்து பார்த்தேன். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் எழுதியே கழித்தவன் நான். கோடு இழுப்பது எனக்குக் கைவந்த கலையன்று. ஆயினும் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் நிலப்படத்தை வரைய ஓவியனாக இருக்க வேண்டியதில்லையே என்று எண்ணினேன். படலை, முற்றம், திண்ணை, விறாந்தை, நடு அறை, நெல்லும் வரகும் வைக்கும் அறை, பின்தாழ்வாரம், புறம்பாக நின்ற குசினி. இவ்வளவும் இலகுவாக வந்தன. கிணற்றை வரையப் போனபோது பென்சில் நின்றுவிட்டது. கிணறு எந்தப் பக்கம் இருந்தது? நெடுநேரம் யோசித்துவிட்டு, எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோல வடகிழக்கு மூலையில் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

அந்த நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம். 2011ஆம் ஆண்டு 'ரேக்கிங் லீவ்ஸ்' என்ற கலைப் பதிப்பகம் அதனை வெளியிட்டது. நூல் என்று சொல்வது ஒரு வசதிக்காகத்தான். கச்சேரியிலும் காணிக் கந்தோரிலும் நாம் கண்டு சலித்த கோவையின் வடிவிலேயே அது கட்டப்பட்டிருக்கிறது. வடபுலத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள் எண்பதுபேர், தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுத்த நிலப்படங்கள் அதில் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவர்களுள் அடங்குவர். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். முதலாவது, வீட்டுக்காரரே வரைந்த கோணல்மாணலான கோடுகள். இரண்டாவது, அதனைக் கட்டடக் கலைஞரின் ஒழுங்கில் அளவுபிடித்து வரைந்த படம். மூன்றாவது, அந்த வீட்டின் கதையைக் கேட்டபின் சனாதனன் உலர் பாஸ்ரல் கொண்டு தீட்டிய ஓவியம். கிட்டத்தட்ட ஒரு வழக்கின் கோவையைப் புரட்டுவதுபோல இருக்கும். சாட்சியம், அளவைப்படம், பின்னர் சட்டத்தில் இடமில்லாத வேறொன்று.

'தோம்பு' என்ற சொல்லைத் தீவுப்பகுதியில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும், இளையோருக்காகச் சொல்லி வைக்கிறேன். போர்த்துக்கேய மொழியில் 'தொம்பு' என்றால் பதிவேடு. காணியையும் குடியையும் இறையையும் எழுதிவைக்கும் அந்த ஏற்பாட்டை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மேலும் விரிவாக்கினர். எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியவர்களும் அவர்களே. வேலணைத் தீவுக்கு லைடன், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவுக்கு டெல்வ்ற். நெடுந்தீவை இன்றும் ஆங்கிலத்தில் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். புளியங்கூடல் இருப்பது லைடன் தீவில். என் பேரனார் காலத்து உறுதியில் எங்கள் காணிக்கு ஒரு பெயரும், இத்தனை பரப்பு என்ற கணக்கும், வடக்கெல்லை இன்னார் காணி, கிழக்கெல்லை ஒழுங்கை என்ற வரிகளும் இருந்தன. ஆனால் திண்ணையில் யார் படுப்பார், எந்த மரத்தடியில் மாடு கட்டுவார்கள் என்று எந்த உறுதியும் சொல்வதில்லை. சனாதனன் தம் நூலுக்கு இப்பெயரை இட்டதன் கூர்மை எனக்கு அவ்விடத்தில்தான் விளங்கிற்று. அரசு வரி வாங்குவதற்காக எழுதிய ஏட்டின் பெயரை எடுத்து, அந்த ஏடு விட்டுவிட்டதை எழுத அவர் அதனைப் பயன்படுத்தியிருக்கிறார்.

1969இல் பிறந்த சனாதனன், டெல்லியில் ஓவியம் பயின்று, பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர். அவருடைய ஓவியங்களில் மனித உடல் வரும். அந்த உடலின்மேல் நிலப்படம் வரும், வேர் வரும், காயம் வரும். தூரிகையும் வண்ணமும் மட்டும் போதாது என்று அவர் கண்ட இடத்தில் போத்தலும், பெட்டியும், பழைய சாமானும், எழுத்தும் ஓவியத்துள் நுழைந்தன. 'கலப்பு ஊடகம்' என்று கலை விமர்சகர்கள் இதற்குப் பெயர் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கழித்தவனுக்கு அந்தப் பெயர் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் ஒரு சிறங்கை மண்ணெண்ணெய் விட்டு, இரவு முழுவதும் எரித்த விளக்கும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி டைனமோவால் வானொலி கேட்ட ஏற்பாடும் கலப்பு ஊடகம் அல்லாமல் வேறென்ன? பத்திரிகைக் காகிதம் வராத நாட்களில், பள்ளிக்கூடக் கொப்பிக்கான கோடிட்ட தாளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அச்சாகின. செய்தியின் ஊடே நீலக்கோடுகள் ஓடும். பிற்காலத்தில் சனாதனன் நூலகத்து அட்டைப்பெட்டி போன்றதோர் அலுமாரியின் இழுப்பறைகளுக்குள், மக்கள் இப்படிச் சமாளித்து வாழ்ந்த கதைகளை அட்டைகளாக அடுக்கி ஒரு படைப்பாக்கினார். அதைப் பற்றி அறிந்தபோது, அந்த நீலக்கோட்டுத் தாள்களில் ஒன்றையாவது நான் பத்திரப்படுத்தி வைக்கவில்லையே என்று வருந்தினேன்.

இவர் வானத்திலிருந்து குதித்தவரல்லர். யாழ்ப்பாணத்தில் ஓவியம் தீட்டி, அதனை யாழ்ப்பாணத்திலேயே காட்சிக்கு வைப்பது என்ற பிடிவாதத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் 'வின்சர் ஆர்ட் கிளப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். இலங்கையின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக இருந்த சி. எப். வின்சரின் பெயரால் அமைந்த சங்கம் அது. கனகசபையும் சித்திர வித்தியாதரிசியே. 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் முதலியோர் கொழும்பில் '43 குழு'வை அமைத்தபோது, அதன் தொடக்க உறுப்பினர்களுள் கனகசபையும் ஒருவர். கொழும்புக் குழுவைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. யாழ்ப்பாணச் சங்கத்தைப் பற்றி விரல்விட்டு எண்ணத்தக்க கட்டுரைகளே உள்ளன. காரணம் வெளிப்படை. கொழும்பு ஓவியருக்கு வாங்குவோர் இருந்தார்கள், சேகரிப்போர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர். சம்பளத்தில் வண்ணம் வாங்கி, விடுமுறையில் வரைந்து, பாடசாலை மண்டபத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டு, திரும்பவும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தி வைப்பார்.

அப்படியொரு சித்திர ஆசிரியர்தான் மாற்கு. 1933இல் குருநகரில் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் கற்பித்தவர். விடுமுறை நாட்களில் இளையோருக்கு ஓவியம் பழக்கியவர். இன்று மட்டக்களப்பில் இயங்கும் ஓவியர் வாசுகி ஜெயசங்கர் அவருடைய மாணவியரில் ஒருவர். பெண்கள் ஓவியம் பயில்வதை வீட்டார் பொழுதுபோக்காகக்கூட ஒத்துக்கொள்ளாத காலத்தில், மாற்குவிடம் பழகிய பெண்கள் போரையும் தம் வாழ்வையும் ஓவியமாக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் மாற்குவைக் கௌரவித்து வெளிவந்தது. ஈழத்தில் ஓர் ஓவியருக்குத் தமிழில் இத்தகைய தொகுப்பு வந்தது அபூர்வம்.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் நான் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். கண்காட்சி அறிவித்தல்கள் என் மேசைக்கு வரும். நாலு வரியில், எங்கே, எத்தனை மணிக்கு, யார் திறந்து வைப்பார் என்று எழுதி உள்பக்கத்தில் போடுவேன். ஓவியத்தின் பெயரோ பொருளோ வராது. திறந்து வைப்பவரின் பட்டங்கள் ஒன்றுவிடாமல் வரும். படம் போடுவதற்குப் புளொக் வெட்ட வேண்டும். புளொக்குக்குக் காசு. அந்தக் காசு அரசியல்வாதிகளின் முகங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் போய்விடும். ஒருமுறை ஓர் இளைஞர் கண்காட்சியொன்றைப் பற்றி ஏழு பக்கத்தில் விமர்சனம் எழுதிக்கொண்டு வந்தார். நல்ல கட்டுரை. நான் அதை ஒன்றரைப் பத்தியாக வெட்டினேன். அன்று இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் இடம் இருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. தலையில் பெட்டி, இடுப்பில் பிள்ளை. அந்த நெரிசலில் யார்தான் கன்வசைச் சுமந்திருப்பார்? மாற்கு வாழ்நாளெல்லாம் வரைந்தவற்றுள் பெரும்பகுதி அந்த இடப்பெயர்வோடு போயிற்று. 2000ஆம் ஆண்டு அவரும் காலமானார். போன ஓவியங்கள் எப்படி இருந்தன என்று இன்று ஒரு மாணவர் கேட்டால், பழைய பத்திரிகையைப் புரட்டிப் பார் என்று சொல்ல முடியவில்லை. பத்திரிகையில் திறந்துவைத்தவரின் முகம்தான் இருக்கும். அதுவும் நூலகம் எரியாமல் இருந்திருந்தால். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதையும், அதே நாட்களில் 'ஈழநாடு' பணிமனை எரிக்கப்பட்டதையும் இந்த வலைப்பூவில் முன்னரே எழுதியிருக்கிறேன்.

மீளக் கட்டப்பட்ட அந்த நூலகத்தில்தான் 2004இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. சனாதனன் அதற்காக வீடு வீடாகச் சென்று பொருள் சேகரித்தார். விலைமதிப்புள்ள பொருளன்று. அந்த வீட்டுக்காரர் ஏதோவொரு காரணத்துக்காக எறியாமல் வைத்திருந்த பொருள். உடைந்த துண்டு, ஒரு சாவி, போரின் மிச்சம். நூலும் ஏடும் சாம்பலான கட்டடத்துக்குள், சனங்கள் தம் கையில் மீந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். வரலாற்று ஏடுகள் எரிந்துபோன ஊரில் வரலாற்றை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. போர்நிறுத்த காலமாகையால் தெற்கிலிருந்தும் பார்க்க வந்தார்கள். அந்த இடைவெளி நீடிக்கவில்லை என்பது வேறு கதை.

இன்று நிலைமை முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தலைமுறை எழுந்திருக்கிறது. யஸ்மின் நிலானி ஜோசப் பேனாவால் வேலிகளை வரைகிறார். கிடுகு வேலி, முள்வேலி, தகர வேலி என்று எங்கள் மண்ணின் சமூகவியலையே வேலிகளில் வாசிக்கலாம். மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையே வண்ணமாக்கித் தோட்டத்து வாழ்வைச் சொல்கிறார். 2013இல் சமகாலக் கலைக்கான ஆவணகம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே தொடங்கப்பட்டது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. பதினொரு மாடிக் கோபுரமும் பெரிய அரங்கும் கொண்ட அக்கட்டடத்துக்கு 2025இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டதைப் பற்றி எழுந்த வாதப்பிரதிவாதம், அதற்குள் எந்த ஓவியம் தொங்கப்போகிறது என்பதைப் பற்றி எழவில்லை. நான் பழைய துணையாசிரியன். இதனைக் குறைசொல்லும் தகுதி எனக்குக் குறைவு.

சென்ற ஆண்டு ஊருக்குப் போனேன். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை தாண்டி, பேருந்தில் புளியங்கூடல் சந்தியில் இறங்கினேன். 1990இல் தீவுப்பகுதி வெறுமையானபோது வெளியேறிய குடும்பம் எங்களுடையது. ஊரில் கோயில்கள் பொலிந்து நிற்கின்றன. வெளிநாட்டுப் பணத்தில் கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில்தான் ஆள் இருக்கிறது. எங்கள் வளவில் சுவர் இடுப்பளவு நிற்க, உள்ளே ஆலும் நாயுருவியும் பற்றையும் மண்டிக் கிடந்தன. கிணற்றைத் தேடி வடகிழக்கு மூலைக்குப் போக முயன்றேன். பாம்பு கிடக்கும், போகவேண்டாம் ஐயா என்று பக்கத்து வளவில் நின்ற பெடியன் தடுத்துவிட்டான். அவன் பிறந்ததே எங்கள் வீடு இடிந்த பிறகு. அங்கே கிணறு ஒன்று இருந்ததா என்று அவனைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்து, நான் வரைந்த படத்தைக் கனடாவிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, கிணத்தை எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கிறாய்? அது குசினிக்குப் பின்னாலை, தெற்குப் பக்கமெல்லே. உவர்க் கிணறு. அதிலை குடிக்கிறேல்லை, குளிக்கிறதுதான். குடிக்கிற தண்ணி நானும் அம்மாவும் பொதுக்கிணத்திலை போய் அள்ளிக்கொண்டு வாறனாங்கள். நீ ஒருநாளும் வரேல்லை, உனக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு தம் கையால் வரைந்த படமொன்றை அனுப்பியிருந்தார். கோடுகள் நடுங்கியிருக்கின்றன. விறாந்தையும் நடு அறையும் சிறு பெட்டிகளாகச் சுருங்கி, குசினியும் அதன் பின்னாலுள்ள கிணறும், துணி தோய்க்கும் கல்லும், பொதுக்கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் தாளின் பெரும்பகுதியை நிறைத்திருக்கின்றன. நான் மறந்தே போன நந்தியாவட்டை மரமொன்றும் நிற்கிறது. இரண்டு படங்களையும் ஒரே கோவையில் போட்டு வைத்திருக்கிறேன்.