ஒரு சில்லின் இரண்டு ஊர்கள்

பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வு மையங்கள் பெங்களூரில் குவிந்தமைக்கு அந்நகரின் இதமான தட்பவெப்பத்தைக் காரணமாகக் கூறுவது வழக்கம். வரலாறு வேறு காரணங்களையும் முன்வைக்கிறது.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்கே வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய பொறியாளர் சமூகம் முன்னரே உருவாகியிருந்தது. ஜம்சேட்ஜி டாடாவின் கொடையும் மைசூர் சமஸ்தானம் அளித்த நிலமும் இணைந்து 1909இல் இந்திய அறிவியல் கழகத்தைத் தோற்றுவித்தன. விமானத் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசித் தொழிலகம் 1948இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் அந்நகரில் நிறுவப்பட்டன. அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பெருமளவு பொதுப்பணத்தில் வளர்ந்த இந்தத் திறனையே நிறுவனம் தேடி வந்தது. அமெரிக்காவுடன் தரவைப் பரிமாற ஒரு செயற்கைக்கோள் இணைப்பும் அதற்குத் தேவைப்பட்டது. வடிவமைப்பு தரவாகவே பயணம் செய்வது. துறைமுகமும் சுங்கமும் அதற்குத் தடையல்ல.

சில்லு உற்பத்தியின் தேவைகள் முற்றிலும் வேறானவை. இடையறாத மின்சாரம், மிகத் தூய நீர், தனிவகை வாயுக்கள், உடனுக்குடன் கிடைக்கும் உதிரிபாகங்கள் ஆகியவை இன்றி ஆலை இயங்காது. மத்திய அரசு பஞ்சாபின் மொகாலியில் அமைத்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்து அதனைப் பெரிதும் அழித்தது. உற்பத்தி மீளப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகத் தொழில்நுட்பம் பல தலைமுறைகளைக் கடந்துவிட்டது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. பெங்களூரில் ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் பொறியாளருக்கு அடுத்த தெருவில் மற்றொரு நிறுவனம் இருந்தது. மொகாலிக்கு ஈடான வேறோர் ஆலை நாட்டில் இல்லை. ஆகவே அங்கே திரண்ட உற்பத்தி அனுபவம் சென்று சேர இடமின்றிப் போயிற்று. இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த சில்லுகள் தைவானிலும் பிற நாடுகளிலும் உருப்பெற்றன.

2024இல் குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பவர்சிப் நிறுவனமும் இணைந்து அமைக்கவுள்ள சில்லு ஆலைக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மானியத்தால் ஓர் ஆலையை ஓரிடத்துக்கு வரவழைக்க இயலும். ஆயினும் அதனைச் சுற்றிக் கல்விக்கூடங்களும் துணைத்தொழில்களும், காலப்போக்கில் இரண்டாவது, மூன்றாவது ஆலைகளும் எழுமா என்பதே மொகாலியின் வரலாறு நம்முன் வைக்கும் வினா. தொழிற்கொள்கையை ஆராயும் மாணவர்கள் முதலீட்டுத் தொகையோடு இவ்வினாவையும் சேர்த்தே பயில வேண்டும்.