கண்ணுக்கு எட்டியதும் திரைக்கு எட்டாததும்

அப்புத்தளை நகரின் தெற்கு விளிம்பில் விடிகாலை நிற்பவருக்கு, காலடியிலிருந்து நிலம் அப்படியே சரிந்து இறங்குவது தெரியும். வானம் வெளுத்த நாளாக இருந்தால், ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் அம்பாந்தோட்டைக் கரையோரம் மினுமினுப்பான ஒரு கோடாகத் தட்டுப்படும். வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவிடும். எதிரே தெருவோரம் நிற்கும் ஆட்டோகூட மறைந்துபோகும். மேலே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இது அன்றாடம். மூட்டம் இறங்கிவிட்டால், அடுத்த நெரையில் நிற்பவள் உருவமாக இருக்கமாட்டாள். குரலாகத்தான் இருப்பாள்.

இந்த ஐந்து நிமிட மாற்றத்தைத் திரையில் கொண்டுவர, போர் விமான சிமியுலேட்டர் விளையாட்டுகளைச் செய்பவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபடுகிறார்கள். அந்த விளையாட்டுகளின் தொடக்கத்தில் ஒரு தெரிவுப் பட்டியல் வரும். எதிரி விமானத்தின் மேல் பெயர் தெரிய வேண்டுமா, விமானத்துக்கு வெளியிலிருந்து பார்க்கலாமா, வரைபடத்தில் நம் இடம் காட்டப்பட வேண்டுமா, சூரியன் கண்ணைக் கூச வைக்க வேண்டுமா என்று அது கேட்கும். எவ்வளவு உதவியை அணைக்கிறோமோ அவ்வளவு ‘உண்மை’ என்பது பட்டியலின் கணக்கு. குறைவாகத் தெரிந்தால் அதிக உண்மை என்ற இந்தச் சமன்பாடு எப்படி வந்தது, எங்கே தடுமாறியது என்பதுதான் இங்கே பின்தொடரப்படுகிறது.

முதலில் அப்படியொரு கேள்வியே இல்லை. புரூஸ் ஆர்ட்விக் அப்பிள் 2 கணினிக்காக 1980ஐ ஒட்டி உருவாக்கிய ஃபிளைட் சிமியுலேட்டரில் முதலாம் உலகப் போர்ச் சண்டை ஒன்றும் சேர்ந்திருந்தது. திரையின் அளவு 280க்கு 192 புள்ளிகள். நிலம் கோடுகளாலான கட்டம், எதிரி நாலைந்து கோடு. மைக்ரோசொஃப்ட் 1982இல் அதே ஆர்ட்விக்கின் ஆக்கத்தை ஐ.பி.எம். கணினிக்குக் கொண்டுவந்தபோதும் 1917ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சண்டை உள்ளே இருந்தது. இயந்திரம் வரைய முடிந்ததெல்லாம் தெரிந்தது. எதையும் மறைத்து வைக்கும் அளவுக்கு அதனிடம் வசதி இருக்கவில்லை.

டைனமிக்ஸ் நிறுவனத்தின் ரெட் பேரன் 1990இல் வந்தது. டேமன் ஸ்லை வடிவமைத்த அந்த விளையாட்டில் ‘உண்மைத்தன்மை’க்கென்றே தனிப் பலகை இருந்தது. துப்பாக்கி சிக்கிக்கொள்ளலாம், தோட்டா தீரலாம் என்ற தெரிவுகளோடு, சூரியன் இருக்கும் திக்கில் எதிரி மறைந்துபோகும் தெரிவும் அதில் சேர்ந்திருந்தது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தாக்கு என்பது ஜெர்மானிய விமானி ஒஸ்வால்ட் போல்க்கே 1916இல் எழுதிவைத்த விதிகளில் முதன்மையானது. எழுபத்து நாலு ஆண்டு கழித்து அந்த விதி வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. தெரியாமல் போவதும் விளையாட்டின் ஒரு பகுதிதான் என்று ஏற்கப்பட்ட காலமும் இதுவே.

அடுத்த ஆண்டு வந்த ஃபல்கன் 3.0 வேறொரு சிக்கலில் கைவைத்தது. விமானிக்குக் கழுத்து உண்டு, திரைக்கு இல்லை. பக்கவாட்டில் நழுவும் எதிரியை விமானி தலையைத் திருப்பிப் பின்தொடர்வார். விளையாடுபவரோ விசைப்பலகையில் இடது, வலது, பின் என்று வெட்டி வெட்டிப் பார்க்க வேண்டும், அதற்குள் எதிரி காணாமல் போயிருப்பான். ஆகவே ஒருமுறை கண்ணில் பட்ட எதிரியின் மீது பார்வையைப் பூட்டிவிடும் ‘பேட்லொக்’ முறை புகுந்தது. இது ஏமாற்று வேலை என்று ஒரு சாராரும், இல்லாத கழுத்துக்குப் பதில் கழுத்து என்று இன்னொரு சாராரும் வாதிட்டார்கள். இரண்டாம் கட்சியின் பக்கம்தான் நியாயம் கூடுதல். ஆனாலும் பிற்காலத் தெரிவுப் பட்டியல்களில் பேட்லொக் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழேயே ஒதுக்கப்பட்டது.

தொண்ணூறுகளின் மூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து முப்பரிமாண விளையாட்டுகளில் தூரத்து மலைகள் சாம்பல் புகைக்குள் கரைந்து கிடக்கும். பார்ப்பவர் அதை வானிலை என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் சில கிலோமீற்றருக்கு அப்பால் நிலத்தை வரைய கணினிக்குச் சக்தி போதாமல் இருந்தது. மலை திடீரென்று முளைத்தால் அசிங்கமாக இருக்கும் என்பதால் புகை போட்டு மூடினார்கள். இயந்திரத்தின் வறுமைக்குப் போர்த்திய போர்வை அது.

இந்த வரலாற்றின் நடுப்பகுதி 2001இல் ஓலெக் மடொக்ஸின் குழு வெளியிட்ட ஐஎல்-2 ஸ்டர்மோவிக். அதன் கடினப் பட்டியல் நீளமானது: பெயர்ச்சீட்டு, வெளிப்பார்வை, பேட்லொக், வரைபடக் குறி, கண் இருளல், என்ஜின் சூடேறல். எல்லாவற்றையும் கடினப் பக்கம் தள்ளி விளையாடுவதை ‘ஃபுல் ரியல்’ என்றார்கள். இணையத்தில் கூடி விளையாடியவர்களிடையே அது ஒரு மரியாதைப் பட்டம் போலானது. பெயர்ச்சீட்டு போட்டு விளையாடுபவர் சின்னப் பிள்ளை, போடாதவர் விமானி.

இந்தப் பட்டத்தை உரசிப் பார்க்க இலங்கை வானமே நல்ல உரைகல். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி பிற்பகல், கொக்கலையிலிருந்து கிளம்பிய கனேடிய விமானப்படையின் கட்டலினா ஒன்று, தீவுக்குத் தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டது. ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சல். செய்தியை அனுப்பும்போதே ஜப்பானியரின் சீரோ போர் விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானியர் கொழும்புக்கு மேல் வந்தபோது, அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்ற எச்சரிக்கை இரத்மலானையின் ஹரிகேன் விமானங்களுக்கு எட்டியிருக்கவில்லை. தலைக்கு மேல் எதிரியைக் கண்ட பிறகே ஓடுபாதைக்கு ஓடினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் கதை வேறு. ராடர் முன்கூட்டியே பார்த்துவிட்டது, சீனன்குடாவின் ஹரிகேன்கள் நேரத்தோடு மேலெழும்பின. இழப்பு அங்கும் கடுமையாகவே இருந்தது. ஆனால் எந்தத் திக்கைப் பார்ப்பது என்பது விமானிகளுக்குத் தெரிந்திருந்தது.

ராடர் அறையிலிருந்து வானொலியில் திக்கும் தூரமும் சொல்லும் குரலுக்கு விளையாட்டில் என்ன இடம்? பல விளையாட்டுகளில் அந்த வேலையைச் செய்தது, ஃபுல் ரியல்காரர்கள் இழிவாகப் பார்த்த அதே பெயர்ச்சீட்டுதான். மூட்டத்தில் அடுத்த நெரையிலிருந்து வரும் குரலை அணைத்துவிட்டு, இதுதான் உண்மையான தோட்டம் என்று சொல்வதைப் போன்றது அந்தப் பெருமை.

கணக்கு இன்னும் கறாராகப் பேசும். சீரோவின் இறக்கை அகலம் 12 மீற்றர், ஹரிகேனுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஐந்து கிலோமீற்றரில் அந்த அகலம் கண்ணுக்குச் சுமார் எட்டுக் கலைக் கோணம், முழுநிலவின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு. நல்ல கண் ஒரு கலையைப் பிரித்தறியும். இறக்கை விளிம்பு மெல்லியது, வானம் கூசும், இலகுவில் தட்டுப்படாது என்பதெல்லாம் சரி. ஆனாலும் எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்கு அங்கே ஒரு விமானம் இருக்கிறது. இப்போது 1024 புள்ளி அகலத் திரையில் 90 பாகைப் பார்வையை விரியுங்கள். அதே சீரோ ஒரு புள்ளியைச் சற்றே தாண்டும். முழுநிலவே ஐந்து புள்ளிக்குள் அடங்கிவிடும். கண்ணாடி போட வேண்டிய ஆளைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வானத்தில் ஏற்றிவிட்டு, இதுதான் நிஜம் என்றது பட்டியல்.

விளையாடியவர்கள் விட்டுவிடுவார்களா? ஐஎல்-2இல் பார்வை விரிவை 90, 70, 30 பாகை என்று மாற்ற விசைகள் இருந்தன. 30க்குச் சுருக்கினால் அந்த ஒரு புள்ளி நாலரைப் புள்ளியாகும். தொலைநோக்கி இல்லாத போர் விமானியிடம் தொலைநோக்கியைக் கொடுத்தது போலத் தோன்றும். உண்மையில் அது கண் இயல்பாகக் காண்பதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். இன்னொரு தந்திரம் வேடிக்கையானது. தூரத்து விமானங்கள் புள்ளிகளாகவே வரையப்பட்டதால், திரையின் நுணுக்கத்தைக் குறைத்தால் புள்ளி தடிக்கும். காசு போட்டு நல்ல திரை வாங்கியவர், பழைய திரைக்காரரைவிடக் குருடாகிப்போனார்.

கழுத்துச் சிக்கலைத் தீர்க்க ட்ராக்ஐஆர் வந்தது. தொப்பியில் மாட்டிய சிறு குறிகளைத் திரைக்கு மேலுள்ள கமரா படித்துத் தலையசைவைப் பின்தொடரும். தலையை உண்மையிலேயே திருப்பினால் திரை கண்ணை விட்டுப் போய்விடும் அல்லவா? ஆகவே தலை சிறிது திரும்பினால் பார்வை பெரிதாகச் சுழலும்படி பெருக்கி வைத்தார்கள். பின்னால் பார்க்க மூக்கை ஒரு விரற்கடை திருப்பினால் போதும். ஃபுல் ரியல்காரர்கள் இதை ஏமாற்று என்று சொல்லவில்லை.

மெய்நிகர்க் கண்ணாடி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2016இல் விற்பனைக்கு வந்த ஒக்கியுலஸ் ரிஃப்டில் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிகள். கழுத்து கிடைத்தது, ஆனால் பாகைக்குத் தேறிய புள்ளிகள் சொற்பமே. ஐந்து கிலோமீற்றர் சீரோ மறுபடியும் இரண்டு புள்ளிக்குள்.

இதற்குள் கருத்தும் மாறத் தொடங்கியிருந்தது. தூரத்து விமானத்தை அதன் வடிவியல் அளவைவிடச் சற்றுப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரிந்திருக்கும் அளவில் காட்டுவதே நேர்மை என்ற வாதம் ஃபல்கன் வட்டாரத்தில் வலுப்பெற்றது. ஐஎல்-2இன் புதிய வரிசையில் முன்பு பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் விமானங்களே இருக்காது. பின்னர் அந்த எல்லை நீக்கப்பட்டு, மாற்றுப் பார்வை முறை ஒன்றும் தெரிவாக வந்தது. டி.சி.எஸ். என்ற போர் விமான சிமியுலேட்டர் 2023இல் தன் 2.9 பதிப்பில் தூரப் புள்ளிகளை வரையும் விதத்தைத் திருத்தியது. உதவி என்று ஒதுக்கப்பட்டதெல்லாம் திருத்தம் என்ற பெயரில் திரும்பி வந்தது. சண்டை ஓய்ந்துவிடவில்லை என்பது வேறு விடயம். பெரிதாக்கினால் பொய் என்பவர் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் திரைகளும் நாலாயிரம் புள்ளி அகலமாகிவிட்டன.

விமானத்தின் கதை இப்படி. நிலத்துக்கும் மூட்டத்துக்கும் வந்தால், அப்புத்தளையும் பதுளையும் அடங்கிய ஊவா மாகாணம் இன்னும் திரைக்குப் பிடிபடவில்லை. டி.சி.எஸ்.இல் இலங்கைக்கென்று களமே இல்லை. பதுளையின் மேல் போர் விமானம் ஓட்ட முதலில் வழிவிட்டவற்றுள் ஒன்று, விளையாட்டென்றே சொல்ல முடியாத ஒன்று: 2007 ஓகஸ்டில் கூகுள் ஏர்த்துக்குள் ஒளித்து வைத்து வந்த எஃப்-16. நெட் கஃபேயில் மூன்று விசையை ஒன்றாக அழுத்தினால் நமுனுகுலை மலைக்கு மேல் பறக்கலாம். குண்டு கிடையாது, எதிரி கிடையாது, மூட்டமும் கிடையாது. செய்மதிப் படம் எடுத்த வேளையின் வெயில்தான் எந்நாளும். 2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் ராடரால் அளந்த நில உயரங்கள் வெளியுலகுக்கு நெடுநாள் 90 மீற்றர் கட்டங்களாகவே கிடைத்தன. அப்படியொரு கட்டத்துக்குள் ஒரு லயமும் அதன் முற்றமும் கீழே ஓடும் ஓடையும் சேர்ந்தே அடங்கிவிடும். அவற்றுக்கெல்லாம் ஒரே உயரம்.

இங்கே மலை மறைவது விளையாட்டல்ல. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் பயணிகளோடு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின் எயார் விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். ஊவாவிலேயே 2020 ஜனவரி 3ஆம் திகதி, வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பறப்புக்குக் கிளம்பிய இலங்கை விமானப்படையின் வை-12 அப்புத்தளையில் விழுந்து நால்வர் உயிரிழந்தார்கள்.

அதே 2020 ஓகஸ்டில் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமியுலேட்டர் உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தது. சண்டை இல்லாவிட்டாலும், போர் சிமியுலேட்டர்காரர்கள் பொறாமையோடு பார்த்த வானம் அதனுடையது. வானிலையை நேரலையில் எடுத்துக்கொள்ளும். ஆடி ஆவணியில் மேற்குச் சரிவு மழையை வாங்கிக்கொள்ள, ஊவாவுக்கு வறண்ட கச்சான் காற்று வீசி வானம் துடைத்தாற்போல் இருப்பதும், மார்கழி தையில் வடகீழ்ப் பருவம் மேகத்தைக் கொண்டுவந்து அடைப்பதும் அதற்குள் ஓரளவு வந்துவிடும். ஆனால் உலக வானிலைக் கணிப்பு நடப்பது பல கிலோமீற்றர் அகலக் கட்டங்களில். தம்பதென்னைத் தோட்டத்தில் வெயிலடிக்க, ஓர் ஓடை வழியாக மட்டும் ஏறி அப்புத்தளைக் கடைத்தெருவை மூடும் மூட்டம் அந்த ஒரே கட்டத்துக்குள் விழுகிறது. திரையில் இரண்டு இடமும் சேர்ந்து மூடும், இல்லாவிட்டால் சேர்ந்து திறக்கும்.