பக்கவாதத்துக்குப் பிறகு தோள் வலி ஏன் வருகிறது? வீட்டில் எதைச் செய்யக் கூடாது?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்தாச்சு, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் சட்டை மாட்டிவிடும்போது தோளைத் தொட்டாலே கத்துகிறார். "விழுந்துபோன கைதானே, வலிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது. இந்த வலிக்குக் காரணங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, நாம் அவரைத் தூக்கும் விதம்.

தோளில் என்ன நடக்கிறது?

மேற்கை எலும்பின் உருண்டையான தலை, ஆழம் குறைந்த ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. எலும்பு நழுவாமல் பிடித்து வைப்பது சுற்றியுள்ள தசைகள்தான். பக்கவாதத்தில் அவை செயலிழந்தால், கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும்.

முக்கியக் காரணங்கள் என்ன?

* மூட்டு இறங்குதல்: முதல் சில வாரங்களில், கை துவண்டிருக்கும்போது வரும். தோள் எலும்புக்குக் கீழே விரல் வைக்கும் அளவுக்குப் பள்ளம் தெரியலாம். பள்ளம் இருக்கிற எல்லோருக்கும் வலி இருக்கும் என்றில்லை. ஆனால் அந்தத் தோள் எளிதில் காயப்படும்.

* இழுத்ததால் காயம்: கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ தசையும் ஜவ்வும் கிழியலாம்.

* தசை இறுக்கம்: பிறகு கை உடலோடு ஒட்டி, முழங்கை மடங்கி, விரல்கள் மூடிக்கொள்ளும். பிரிக்கப் பார்த்தால் வலிக்கும்.

* ஃப்ரோசன் ஷோல்டர்: அசையாத மூட்டின் உறை இறுகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

* தோள்-கை வலி: தோளோடு சேர்ந்து உள்ளங்கையும் விரல்களும் வீங்கும், சூடாகும், நிறம் மாறும்.

* மூளையிலிருந்து வரும் வலி: மூட்டில் கோளாறே இல்லாமல் எரிச்சல், குத்தல் இருக்கும். இதற்கு மருந்து வேறு.

ஒருவருக்கே இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஊன்றுகோலின் பாரம் முழுவதையும் தாங்குவதால் நல்ல கையும் வலிக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பலவீனமான கையைப் பிடித்துத் தூக்காதீங்க. இடுப்பையும் முதுகையும் தாங்கி எழுப்புங்க. சரியான பிடியை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

* உட்காரும்போது முன்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். வீல்சேரிலிருந்து கை தொங்கக் கூடாது.

* சட்டையைப் போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

* கயிறு-கப்பி மாட்டி நல்ல கையால் மற்ற கையைத் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சி வேண்டாம். எண்ணெய் போட்டு உருவி இழுப்பதும் வேண்டாம்.

* ஸ்லிங் எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் மூட்டு இறுகும்.

பயந்து கையை அசைக்காமலே விடுவதும் தப்பு. சொல்லிக்கொடுத்த பயிற்சியை வலி வராத எல்லைக்குள் தினமும் செய்ய வேண்டும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விழுந்த பிறகு வலி வந்தால், கை வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், இரவில் தூங்க முடியாவிட்டால் தள்ளிப்போட வேண்டாம். காரணத்தைப் பொறுத்து பிசியோதெரபி, மாத்திரை, மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, இறுக்கத்துக்கு போட்டாக்ஸ் ஊசி என்று வழிகள் உண்டு. திடீரென இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

பேச்சு போனவர்களால் வலியைச் சொல்ல முடியாது. முகச் சுளிப்பையும், கையைத் தொட்டால் விலகுவதையும் கவனியுங்கள். நீங்கள் ஆபீஸ் போயிருக்கும்போது அவரைத் தூக்கி உட்கார வைப்பது அம்மாவோ அட்டெண்டரோதான். சரியான பிடியை அவர்களுக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.