கடல் தாண்டிய கல்யாணம்



'சட்டம் பெண்ணைக் காத்ததா, தண்டித்ததா?' இதுதான் தலைப்பு. "1856-லேயே விதவை மறுமணச் சட்டம் வந்தாச்சே! சட்டந்தான் காத்தது" என்று எதிரணித் தம்பி முழங்கினார். சட்டம் வந்தது, வாஸ்தவம். ஊர் ஒத்துக்கொண்டதா?

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் கண்ணகி சிலை. கையிலே சிலம்பு. அந்த அம்மா அரசன் முன்னாலேயே போய் நின்று நியாயம் கேட்டாள். அதே கடலிலே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தமான். அங்கே கொண்டுபோன பெண்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

1858 மார்ச் மாதம் 200 கைதிகளோடு போர்ட் பிளேரிலே கப்பல் வந்து நின்றது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்களே, அதே ஊர்தான். வந்தவர்கள் ஆண்கள். அடுத்த சில வருஷங்களில் பெண் கைதிகளையும் அனுப்பினார்கள். ஏன்? குடும்பம், குடித்தனம் என்று ஆகிவிட்டால் ஆண் கைதி அடங்கி இருப்பான், நிலத்தை உழுவான் என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கு! அவளுக்குத் தண்டனை; அவனுக்கு அவளே பரிசு! (கைதட்டல்)

அவர்களில் பலர் கொலைக் குற்றவாளிகள். பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற இளம் விதவைகளும் அதிலே உண்டு. நான் நியாயம் கற்பிக்கவில்லை ஐயா. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தைக்கு ஒரு தகப்பன் இருந்திருப்பானே, அவன் எந்தக் கப்பலில் ஏறினான்? (பலத்த கைதட்டல்)

அங்கே சவுத் பாயிண்டில் பெண்கள் சிறை. நெசவு வேலை. சில வருஷம் கழித்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அனுமதி. தி.நகரிலே பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி, பஜ்ஜி கிடைக்கும். (சிரிப்பு) அங்கே பெண்களை வரிசையாக நிறுத்துவார்கள். நன்னடத்தைச் சீட்டு வாங்கிய ஆண் கைதி பார்த்துக்கொண்டே போவான். பிடித்தவளைக் கேட்பான். அவள் மறுக்கலாம். மறுத்தால்? மறுபடி சிறைதான்! முன்பின் தெரியாத ஆளா, பூட்டிய கதவா? இதற்குப் பெயர் சம்மதமா?

ஜாதி வேறு, பாஷை வேறு. ஆனாலும் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அந்த வம்சம் இன்றைக்கும் அந்தமானில் இருக்கிறது. அந்தக் கல்யாணங்களால் பெயர் பெற்ற பகுதிதான் ஷாதிப்பூர். இந்தியில் ஷாதி என்றால் கல்யாணம். அந்தமான் போகிறவர்கள் 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். கும்பிட வேண்டியதுதான். ஷாதிப்பூர் வழியாகப் போகும்போது அந்தத் தாய்மார்களையும் ஒரு நிமிஷம் நினையுங்கள்.

தம்பி, முடிக்கிறேன். சொந்த ஊரிலே கைம்பெண்ணுக்குக் கிடைக்காத மறுமணம், கைதி ஆன பிறகுதான் கிடைத்தது என்றால், சட்டம் அவளைக் காத்ததா? தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன்.