அந்த நாள்: எல்லோரையும் விசாரித்த பிறகு வரும் ஒரு சொல்

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், தம்புள்ளைக்கு முன்னால் வருகிற ஊர் கலேவெல. பெரிய வெங்காயச் செய்கை பற்றி எழுதுவதற்காகப் போய், தோழி ஒருத்தியின் வீட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. தோழியின் உம்மா ஏதாவது பழைய படம் போடச் சொன்னார். என் மடிக்கணினியில் இருந்த பழைய படம் ஒன்றுதான்: 1954இல் வந்த 'அந்த நாள்'.

"சிவாஜி படமா? பாட்டெல்லாம் நல்லா இருக்குமே."

"இதில பாட்டே இல்லை உம்மா."

அவர் என்னை நம்பவில்லை. படம் தொடங்கி அரை மணித்தியாலம் வரை பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மறந்துவிட்டார்.

எனக்கும் இந்தப் படம் நீண்ட காலம் ஒரு வரித் தகவலாகத்தான் இருந்தது. ஊடகக்கற்கை படித்த காலத்தில், 'பாடல், நடனம், சண்டைக்காட்சி எதுவும் இல்லாத முதல் தமிழ்ப்படம்' என்று குறிப்பெடுத்ததோடு சரி. எங்கள் ஊர்களில் பலருக்கு அந்த ஒரு வரியும் தெரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்ப் படங்களை இலங்கை வீடுகளுக்குள் கொண்டுவந்தது இலங்கை வானொலி. திரையரங்கில் ஓடி முடிந்த படம் பாட்டாக வானொலியில் வாழ்ந்தது. நான் பிறந்து வளர்ந்த வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அப்போது அம்மா கூடவே பாடிய பாட்டுகளின் படங்கள் எல்லாம் எனக்குப் பெயரளவில் தெரியும். பாட்டில்லாத படம் அந்த வழியால் வர முடியாது.

இத்தனைக்கும் படத்தின் நாயகனே ஒரு வானொலிப் பொறியியலாளர்தான்.

கதை 1943 ஒக்டோபர் 11இல் சென்னையில் நடக்கிறது. முதல் நாள் இரவு ஜப்பானிய விமானம் நகரத்தில் குண்டு போட்டிருக்கிறது. காலையில் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே செத்துப்போகிறார். பக்கத்து வீட்டுச் சின்னையாப் பிள்ளை பொலிஸுக்குச் சொல்ல, சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வருகிறார். வீட்டோடு சம்பந்தப்பட்டவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கிறார்: அயலவர், தம்பி பட்டாபி, தம்பியின் மனைவி ஹேமா, ராஜனோடு உறவு வைத்திருந்த நாட்டியக்காரி அம்புஜம், கடைசியாக மனைவி உஷா. அயலவர் தம்பியைச் சந்தேகிக்கிறார். தம்பியோ தன் மனைவி மேலேயே சந்தேகத்தைச் சாய்த்துவிடுகிறான். உஷாவின் வாக்குமூலத்தில்தான் உண்மை வெளிவருகிறது. ராஜன் ஜப்பானின் உளவாளி. தன் கண்டுபிடிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற கசப்போடு இருந்தவனுக்கு ஜப்பானில் மரியாதை கிடைத்திருக்கிறது. அந்த மரியாதைக்குக் கைம்மாறாக, தன் ஊரின் மேல் குண்டு விழ வழிசெய்கிறான். மனைவி தடுக்கப் பார்க்கிறாள். அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடிக்கிறது. (எழுபது வருடத்துக்கு முந்தைய படத்தின் முடிவைச் சொன்னதற்கு யாரும் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

இதை இயக்கிய எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27. பின்னாளில் உலகம் அவரை வீணைக் கலைஞராகத்தான் அறிந்தது. 1982இல் பத்மபூஷண் விருது பெற்றதும் அந்த இசைக்காகத்தான். அப்படிப்பட்ட இசைக்காரர் தன் படத்தில் ஒரு பாட்டுக்கூட வேண்டாம் என்று முடிவெடுத்தார். அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்த பாதிப்பில், முதலில் ஒரு வானொலி நாடகமாக இதை எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். அவர்கள் ஏற்கவில்லை. பிறகு அதே கருவை ஏவி.எம். நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பனிடம் கொண்டுபோனார். திரைக்கதையையும் வசனத்தையும் ஜாவர் சீதாராமன் எழுதினார். சி.ஐ.டி. சிவானந்தமாக நடித்தவரும் அவரே. ஆக, கேள்விகளை எழுதியவரே படத்துக்குள் வந்து கேள்வி கேட்கிறார்.

ராஜன் பாத்திரம் முதலில் சிவாஜிக்கு என்று இருக்கவில்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்துக் கணிசமான பகுதி எடுக்கப்பட்டது. எடுத்ததைப் பார்த்த மெய்யப்பனுக்குத் திருப்தியில்லை. சிவாஜியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தயாரிப்பாளர் சொன்னதுதான் நடந்தது. இந்த ஒரு விஷயத்தில் முதலாளி சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் இது ஒருவருக்குள் பலர் இருக்க வேண்டிய பாத்திரம். 'ரஷோமோன்' படத்தில் என்ன நடந்தது என்பதே கடைசிவரை முடிவாகத் தெரியாது. 'அந்த நாள்' அப்படியல்ல. இங்கே உண்மை ஒன்றுதான், அது கண்டுபிடிக்கவும் படுகிறது. அந்த வகையில் இது அந்தனி அஸ்குவித் இயக்கிய, 1950இல் வந்த 'த வுமன் இன் குவெஸ்டியன்' என்ற பிரித்தானியப் படத்துக்குக் கிட்டவாக இருக்கிறது. அதில் கொலையுண்ட பெண், சாட்சி சொல்பவர் ஒவ்வொருவரின் நினைவிலும் வேறொருத்தியாக வருவாள். இங்கே ராஜன் அப்படி. தம்பிக்குச் சொத்தில் பங்கு கொடுக்காத அண்ணன், அம்புஜத்துக்குக் காதலன், உஷாவுக்கு முதலில் கனவு காணும் இளைஞன், பிறகு முகம் இறுகிய அந்நியன். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நீளமான வசனத்தால் பெயர் வாங்கிய நடிகர் இங்கே குரலைத் தாழ்த்தி, கண்ணாலும் புன்னகையாலும் நடித்திருக்கிறார். அந்தப் புன்னகை எந்த நேரத்தில் நல்லது, எந்த நேரத்தில் கெட்டது என்று பிடிபடாது.

உஷாவாக நடித்த பண்டரிபாய், 'பராசக்தி'யிலும் சிவாஜிக்கு ஜோடி. படத்தின் கடைசிப் பகுதியை அவர்தான் தாங்குகிறார். மாருதி ராவின் ஒளிப்பதிவு வீட்டுக்குள்ளேயே நிழல்களை விழவைத்து, பழகிய அறைகளையும் சந்தேகத்துக்குரியவை ஆக்குகிறது. சில இடங்களில் வசனம் மேடைப் பேச்சாகிவிடுவது குறைதான், முக்கியமாகத் தேசபக்தி பேசும் இடங்களில். அயலவரை வைத்து வரும் நகைச்சுவையும் இன்று எல்லா இடத்திலும் எடுபடாது.

1954 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டையொட்டிப் படம் வெளிவந்தது. பாட்டை எதிர்பார்த்து வந்த சனம் ஏமாந்தது. வணிக ரீதியில் தோல்வி. ஆனால் இரண்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் பிரிவில் நற்சான்றிதழ் கிடைத்தது. அந்த ஆண்டு முதலிடம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' படத்துக்கு.

இதற்குப் பிறகு தமிழில் உளவாளி வேறு ஆளாகிவிட்டார். 1968இல் வந்த 'ரகசிய போலீஸ் 115', 1986இல் வந்த 'விக்ரம்' எல்லாம் ஜேம்ஸ் பொண்ட் வழி. உளவாளி எங்கள் ஆள், எதிரி வெளியே. அண்மைக்காலத்தில் அந்த 'வெளி' யார் என்பது எங்களுக்குத் தெரியும். 2013இல் 'மெட்ராஸ் கஃபே', 2021இல் 'த ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம். இரண்டுக்கும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. உளவுக் கதைகளில் ஈழத்தமிழர் பெரும்பாலும் விசாரிக்கப்படுகிற பக்கத்திலேயே இருக்கிறோம்.

'அந்த நாள்' இவற்றிலிருந்து விலகும் இடம், அது உளவாளியைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்த்தி வைத்திருப்பது. அவன் யாரோ ஒருவருக்குக் கணவன், யாரோ ஒருவருக்கு அண்ணன். இன்னொன்றையும் கவனித்தேன். 'துரோகி' என்ற முடிவு இந்தப் படத்தில் கடைசியில் வருகிறது. செத்தவனைப் பற்றி ஐந்து பேர் பேசிய பிறகு, அதுவும் அவனோடு வாழ்ந்தவள் வாயிலிருந்து வருகிறது. எங்களிடம் அந்தச் சொல் முதலில் வந்தது. மின்கம்பத்தில் தொங்கிய மட்டையில் எழுதப்பட்டிருந்தபோது, விசாரணை முடிந்துவிட்டதா, நடந்ததா என்று கேட்க யாரும் இருக்கவில்லை. மறுபக்கத்தில், சுற்றிவளைப்புகளில் முகம் மூடிய தலையாட்டி ஒருவர் தலையை அசைத்தால் போதும். வரிசையில் நின்ற பிள்ளை வாகனத்தில் ஏற்றப்பட்டுவிடுவான். இரண்டு பக்கத்திலும் வாக்குமூலத்துக்கு இடம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு, ஒரு அதிகாரி பொறுமையாக எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதே படத்தின் மிகப் பெரிய கற்பனையாகத் தெரிந்தது.

படம் தொடாமல் விட்ட கேள்வியையும் சொல்லத்தான் வேண்டும். 1943இல் சென்னையை ஆண்டது பிரித்தானிய அரசு. ராஜன் எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தான்? கதை நடக்கும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10இல், அதே சென்னையின் சிறையில் கேரளத்து வக்கம் அப்துல் காதரும் தோழர்கள் சிலரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஜப்பானியரின் ஆதரவோடு பினாங்கிலிருந்து நீர்மூழ்கியில் வந்து மலபார்க் கரையில் இறங்கியவர் காதர். குற்றச்சாட்டு, எதிரியின் முகவர்கள் என்பது. காதருக்கு வயது 26. சுதந்திர இந்தியா அவர்களைத் தியாகிகள் என்று நினைவுகூருகிறது. ராஜனுக்கும் காதருக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே என்று 1954இன் படம் கேட்கவில்லை. ராஜனின் நோக்கத்தைச் சொந்தக் கசப்பாகச் சுருக்கி, கேள்வியிலிருந்து தப்பிவிடுகிறது. எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. விமானக் குண்டு விழுந்த ஊரில் உயிர் தப்பியவர்களுக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் பட்டிருக்காது என்பதும் நியாயம்தான். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், ஒன்பதாம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அந்த மாதமே சென்னையில் சனம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் மிருகக்காட்சிச்சாலைச் சிங்கங்களையும் சுட்டுவிட்டார்கள். விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய எவருக்கும், உஷாவின் கோபத்தை விளக்கத் தேவையில்லை.

யூடியூபில் தேடினால் படம் கிடைக்கும். நீளம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரே இருப்பில் பார்ப்பது நல்லது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை மறந்தால் பின்பகுதியின் சுவை போய்விடும்.

கலேவெலயில் நாங்கள் பார்த்து முடித்தபோது மழை விட்டிருந்தது. உம்மா எழும்பவில்லை.

"எல்லாரும் மத்தவங்கட பேரத்தான் சொல்றாங்க, பாத்தீங்களா மகள்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் புள்ள மட்டும் கடைசில தன்ட பேர சொல்லுது."

பிறகு, உஷா பேசும் பகுதியை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார். மடிக்கணினியில் சார்ஜ் குறைந்திருந்தது. வயரைச் செருகிவிட்டு மறுபடி போட்டேன்.